பதினைந்து வயதில் நின்றுபோகும் விளையாட்டு

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிள்ளை விளையாட்டை நிறுத்துகிற வயதை எவரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை; ஆனாலும் அது எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குப் பத்தாம் தரம். பெண் பிள்ளைகளுக்கு அதற்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே. அதுவரை மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்ற பிள்ளை, அதன்பின் அதே ஐந்து மணிக்குத் தனியார் கல்வி நிலையமொன்றின் தகரக் கொட்டகைக்குள் கணித வினாத்தாளோடு அமர்ந்திருக்கும். "பிள்ளை படிக்கட்டும் சேர், விளையாட்டை ஓ எல் முடியப் பாப்பம்" என்று பெற்றோர் சொல்வதில் வஞ்சகம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒருமுறையேனும் இழந்த மக்களுக்குக் கல்வி ஒன்றே எவராலும் பறிக்க முடியாத சொத்தாகத் தெரிவது இயல்பு. ஆனால் ஓ எல் எனப்படும் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் உயர்தரம் வருகிறது, உயர்தரம் முடிந்ததும் வேலை தேடும் அலைச்சலோ வெளிநாட்டுப் பயண முயற்சியோ வந்துவிடுகிறது. பார்ப்போம் என்று தள்ளிவைத்த விளையாட்டு பெரும்பாலான பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் திரும்பி வருவதே இல்லை.

இதில் என்னை நெடுநாளாக உறுத்துவது அந்த வயதுதான். வாழ்நாளில் மனிதரைப் பீடிக்கும் உளநலக் கோளாறுகளில் ஏறத்தாழ அரைவாசி பதினான்கு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்றும், அவற்றில் பெரும்பாலானவை கண்டறியப்படாமலும் சிகிச்சையளிக்கப்படாமலும் விடப்படுகின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவர் ஏதோவொரு உளநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு. அதாவது, மனம் மிகவும் தளம்பத் தொடங்கும் அதே பருவத்தில்தான், அந்தத் தளம்பலைத் தாங்கக்கூடிய எளிய, செலவில்லாத, எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு துணையை நாம் பிள்ளைகளிடமிருந்து விலக்கிவிடுகிறோம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் கற்பிப்பவன். உடற்கல்வி என் பாடம் அல்ல. மாலையில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழக மைதானத்துக்குப் போய், கரப்பந்து ஆடும் பிள்ளைகளோடு நிற்பவன் என்ற அளவில்தான் இந்த விடயத்தைப் பற்றி எழுதுகிறேன். காலையில் வகுப்பறையிலும் மாலையில் மைதானத்திலும் ஒரே பிள்ளைகளைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வகுப்பில் தலை நிமிராத பிள்ளை மைதானத்தில் குரல் உயர்த்திப் பந்து கேட்பதைப் பார்க்கலாம். மைதானத்துக்கு வருவதை நிறுத்திய பிள்ளை, சில மாதங்களில் வகுப்பிலும் ஒதுங்கத் தொடங்குவதையும் பார்க்கலாம். இவற்றில் எது காரணம், எது விளைவு என்று ஒரு ஆசிரியனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் அதைத்தான் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சிறுவர்களிடமும் இளையோரிடமும் உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்த 21 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2441 பேரின் தரவுகளை அலசிய கட்டுரையொன்று 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ ஆய்விதழில் வெளியானது. உடற்பயிற்சித் திட்டங்களில் சேர்ந்த பிள்ளைகளின் மனச்சோர்வு அறிகுறிகள், சேராதவர்களோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. வாரத்துக்கு மூன்று தடவை என்ற அளவே நல்ல பலனைத் தந்திருந்தது. முன்கூட்டியே மனச்சோர்வு கண்டறியப்பட்ட பிள்ளைகளிடம் பலன் இன்னும் தெளிவாக இருந்தது. வாரத்தில் மூன்று மாலைகள் என்பது எந்தக் குடும்பத்தின் கால அட்டவணையிலும் கண்டுபிடிக்க முடியாத நேரம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் இதைவிடக் கூடுதலாகவே கேட்கிறது: 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும். உலகெங்கும் 11 முதல் 17 வயதினரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இந்த அளவை எட்டுவதில்லை. பெண் பிள்ளைகளின் நிலை ஆண் பிள்ளைகளைவிட மோசம்.

உடல் ஓடும்போது மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. மூளையில் நரம்புக் கலங்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. உடலே தயாரிக்கும் வலி நீக்கிப் பொருள்களும் மனத்தைத் தளர்த்தும் பொருள்களும் குருதியில் அதிகரிக்கின்றன. இரவில் நித்திரை ஆழமாகிறது. நித்திரையின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் விழித்திருந்து, காலை ஏழரை மணிக்கு வகுப்பில் கண் எரிச்சலோடு இருக்கும் பிள்ளையிடம் கவலையையும் எரிச்சலையும் பிரித்தறிவதே கடினம். மாலையில் வியர்க்க ஓடிய பிள்ளை படுத்தவுடன் உறங்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட வன்னிக்கு நெருக்கமானதாக எனக்குத் தோன்றும் காரணம் வேறொன்று. பதகளிப்பு என்று உளமருத்துவர்கள் சொல்லும் நிலையில், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை வியர்க்கும், கால் நடுங்கும். அந்த உடற்குறிகளே அடுத்த அச்சத்தைக் கிளப்பிவிடும். ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று உடல் சொல்வதை மனம் நம்பிவிடும். ஆனால் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கும் இதே படபடப்பும், இதே மூச்சிரைப்பும், இதே வியர்வையும்தான் வருகின்றன. வந்து, உச்சத்தை எட்டி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் புல்லில் அமர்ந்ததும் தணிந்துவிடுகின்றன. நெஞ்சு வேகமாக அடித்தாலும் தனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதை உடல் தானாகவே கற்றுக்கொள்கிறது. இந்தப் பழக்கம் பதகளிப்பின் பிடியைத் தளர்த்துகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன.

இதை வன்னிக்கு நெருக்கமானது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர் முடிந்த 2009இல் இந்த மண்ணில் பிறந்த குழந்தை இன்று உயர்தர வகுப்பை எட்டும் வயதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் போரின் நினைவு எதுவும் இல்லை. ஆனால் உலங்கு வானூர்தியின் ஓசை கேட்டால் பேச்சை நிறுத்தி வானத்தைப் பார்க்கும் தாயோடு அது வளர்ந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மாரில் சிலர் அதன் பெரியம்மாவாகவோ அம்மம்மாவாகவோ இருந்திருக்கலாம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியில் இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், அங்கே காயப்பட்டவை தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் அவற்றின் உறவுப் பின்னல்களும் சேர்ந்தே காயப்பட்டன என்பதைக் கூட்டு மனவடு என்ற கருத்தின் வழியே விளக்கியிருந்தார். காயம் கூட்டாக ஏற்பட்டதென்றால், ஆறுவதற்கும் ஒரு கூட்டம் வேண்டும். ஊர் மைதானம் அத்தகைய கூட்டம் கூடுகிற இடம். கோவில் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. மைதானம் நாள்தோறும் திறந்திருக்கிறது.

"பிள்ளை வயலுக்குள்ள நிண்டு முறியுறான், பிறகென்ன தேகப்பயிற்சி?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் பிள்ளைகள் பலர் உடலை அசைக்காதவர்கள் அல்லர். கிரவல் வீதியில் பல கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்கு வருகிறார்கள். காலபோகத்தில் நாற்று நடுகையிலும் களை பிடுங்குவதிலும் நிற்கிறார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். உடல் அசைவு ஒன்றே மனத்தைக் காக்குமென்றால் வன்னிப் பிள்ளைகள் நாட்டிலேயே மிக நல்ல உளநலத்தோடு இருக்க வேண்டும். ஆய்வுகள் இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஓய்வு நேரத்தில் ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் உடலியக்கம் நல்ல உளநலத்தோடு சேர்ந்து காணப்படுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பில் அந்தத் தொடர்பைக் காண முடியவில்லை, சில இடங்களில் அது எதிர்த்திசையிலும் இருக்கிறது. வயலில் நிற்கும் பிள்ளை கடனையும் மழையையும் நெல்லின் விலையையும் சேர்த்தே சுமந்து நிற்கிறது. மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பந்தைத் தவிர வேறு சிந்தனைக்கு இடமில்லை. எதிரணி அடித்த பந்து தன்னை நோக்கி வரும் கணத்தில், வட்டிக்காரர் காலையில் வந்துபோனதை எவராலும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து உழலும் மனத்துக்கு அந்த ஒரு மணிநேர விடுதலை மிகப் பெரியது. ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன விடை இதுதான்: உங்கள் மகனின் உடலுக்கு வேலை போதும், அவனுடைய மனத்துக்கு அது போதாது.

ஆனால் விளையாட்டு என்றாலே மனத்துக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். போருக்குப் பிந்திய வட உகண்டாவின் குலு நகரில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காகப் பதினொரு வாரங்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியொன்று நடத்தப்பட்டு, அதன் விளைவுகள் முறைப்படி அளக்கப்பட்டன. 2014இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலரை அதிர்ச்சியடையச் செய்தது: போட்டியில் சேர்க்கப்பட்ட ஆண் பிள்ளைகளின் மனச்சோர்வு அறிகுறிகள், சேர்க்கப்படாதவர்களோடு ஒப்பிடுகையில் கூடியிருந்தன. நல்ல நோக்கமும், பந்தும், சீருடையும், பயிற்றுநரும் இருந்தும் அப்படி நடந்தது. வெற்றி தோல்வியை மையமாக வைத்த போட்டி, ஏற்கெனவே இழப்புகளால் நொந்திருந்த பிள்ளைகளுக்கு இன்னுமொரு தோல்வியைக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். எங்களைப் போலவே போரிலிருந்து மீண்ட ஒரு மண்ணில் கிடைத்த முடிவு என்பதால், வன்னியில் இளையோருக்காக விளையாட்டுத் திட்டம் வகுக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் பாடசாலை விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது. இல்லங்கள் சோடிக்கப்படுகின்றன, அணிநடை பழகப்படுகிறது, சில வாரங்களுக்கு ஊரே திருவிழாக் கோலம் பூணுகிறது. அந்த நாள்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிவுப் போட்டியில் பின்தங்கிய பிள்ளைக்கு அன்றோடு அந்த ஆண்டின் விளையாட்டு முடிந்துவிடுகிறது. வென்றவர்கள் கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம் என்று போய்க்கொண்டிருக்க, ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவர்கள் வடிகட்டப்படுகிறார்கள். கடைசியில் பாடசாலையின் விளையாட்டுக் கவனம் முழுவதும் ஒரு சிலரின் மீது குவிகிறது, மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் கூடாரத்தின் கீழ் நின்று கைதட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கைதட்டும் அந்தப் பிள்ளைகளில்தான் தனிமையும் சோர்வும் கூடுதலாக இருக்கின்றன. அவர்களுக்குத்தான் விளையாட்டு மிகவும் தேவை. மேலே போகும் அந்தச் சிலரின் மனநிலையும் எப்போதும் நன்றாக இருப்பதில்லை. மாகாணப் போட்டியில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு வந்த பிள்ளையிடம், "இவ்வளவு செலவழிச்சும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குழுவாக ஆடுவதற்கும் தனித்து ஆடுவதற்கும் இடையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரையான 11,235 பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், குழு விளையாட்டுகளில் ஈடுபட்டவர்களிடம் பதகளிப்பும் சோர்வும் ஒதுங்கிப்போகும் இயல்பும் குறைவாக இருந்தன. தனிநபர் விளையாட்டில் மட்டும் ஈடுபட்டவர்களிடமோ, எதையும் விளையாடாதவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தன. இதைக் கொண்டு ஓட்டப் பந்தயத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தனித்து ஓடும் பிள்ளையின் தோல்வியைப் பகிர்ந்துகொள்ள அருகில் எவரும் இல்லை என்பதை நினைவில் வைத்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கரப்பந்து 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. வன்னியில் அதற்கு அரசாங்க அறிவிப்புத் தேவைப்படவில்லை. இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். ஆள் குறைந்தால் ஆறு பேரும் ஆடலாம், கூடினால் சுற்றி நிற்பவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு முறை காத்திருக்கலாம். அதைவிடவும் எளியது கிளித்தட்டு. நிலத்தில் கோடு கீறினால் போதும். ஏறுபவர்களும் மறிப்பவர்களும் கிளியுமாக, வேகமாக ஓடத் தெரிந்தவர், ஏமாற்றத் தெரிந்தவர், பொறுமையாக நிற்கத் தெரிந்தவர் என்று எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தபோது, கூடாரங்களுக்கு இடையே கிடைத்த சிறு துண்டு நிலத்தில் பிள்ளைகள் தடியால் கோடு கீறி ஆடியதைக் கண்டவர்களில் நானும் ஒருவன். சொல்லிக்கொடுக்கவோ உளவளத்துணை வழங்கவோ அப்போது அவர்களுக்கு அருகில் ஆள் இருக்கவில்லை. பின்னர் மீளக்குடியேறியபோது, காடு பற்றிக் கிடந்த மைதானங்களைச் சுற்றி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றப்படும்வரை பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கவே பழக்கப்படவில்லை. அப்படிப் பயந்து நடந்த தலைமுறைக்கு, கண்ணை நிலத்தில் பதிக்காமல் ஒரு வெளியில் ஓடுவது என்பதே பெரிய விடயமாக இருந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களிடமிருந்து மைதானம் மிக முன்னதாகவே பறிக்கப்படுகிறது. பிள்ளை பெரியவளானதும் சைக்கிள் ஓட்டமே பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் என்று சுருங்கிவிடுகிறது. வலைப்பந்து அணியில் இடம் கிடைத்த சிலர் மட்டும் பாடசாலை நேரத்தோடு ஒட்டி ஆடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன்னர் மைதானத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஊர் மைதானங்களில் மலசலகூடம் இல்லை, உடை மாற்ற ஒரு மறைப்பு இல்லை, ஆறரை மணிக்கு இருட்டிவிட்டால் வீதி விளக்கு இல்லை. சில ஊர்களில் இருட்டியபின் யானைப் பயமும் உண்டு. மாதவிடாய் நாள்களில் ஒரு பிள்ளை எங்கே போவாள் என்ற கேள்வியை, ஆண்களே நிறைந்த கழக நிர்வாகக் கூட்டங்களில் எவரும் எழுப்புவதில்லை. இவற்றோடு, "பொம்பிளைப் பிள்ளை இந்த உடுப்போட ஓடுறதோ?" என்று மதிலோரம் நின்று கேட்கும் குரலும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குரலுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்துவிட்ட பிள்ளைகளின் சோர்வை நாங்கள் அடக்கம் என்று பாராட்டிவிடுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அவர்கள், எழுபது வயதைக் கடந்த பின்னர், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று திரும்பியபோது வன்னி முழுவதும் மகிழ்ந்தது. அந்தச் செய்தியை என் வகுப்பில் வாசித்தபோது பெண் பிள்ளைகள் மிகவும் கவனமாகக் கேட்டார்கள். அவர்களுடைய அம்மாக்களில் எவரும் ஓடுவதை அவர்கள் கண்டதில்லை. அம்மம்மா வயதுடைய ஒருவர் ஓடுகிறார் என்பது அவர்களுக்குப் பதக்கத்தைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

மைதானத்தைப் பயனுள்ளதாக்குவது அங்கே தவறாமல் வரும் ஒரு பெரியவர்தான் என்பது நான் பார்த்தறிந்த உண்மை. அவர் தேசிய மட்ட வீரராகவோ சான்றிதழ் பெற்ற பயிற்றுநராகவோ இருக்க வேண்டியதில்லை. யார் நேற்று வரவில்லை என்பதைக் கவனிப்பவராக, வராத பிள்ளையின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி "என்ன தம்பி, ரெண்டு நாளாக் காணேல்லை?" என்று கேட்பவராக இருந்தால் போதும். தகப்பன் இல்லாத வீடுகள் பல உள்ள ஊர்களில் அந்த ஒரு கேள்வியின் பெறுமதியை நான் கண்டிருக்கிறேன். மாறாக, பிழை விட்ட பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் ஏசும் பயிற்றுநரும், வீட்டுவேலை செய்யாததற்குத் தண்டனையாக வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் ஆசிரியரும், ஓடுவது என்றாலே அவமானம் என்று பிள்ளையின் உடலுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பரீட்சை நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அப்படித்தான். நானும் கற்பிப்பவன் என்பதால் பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கீடு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாற்பது நிமிடங்கள், மற்ற எல்லாப் பாடவேளைகளிலும் பிள்ளை விழிப்போடு இருப்பதற்காக ஒதுக்கப்பட்டவை.

போதைப்பொருள் பற்றிப் பேசாமல் இன்று வன்னி இளையோரைப் பற்றி எழுத முடியாது. விளையாட்டு இருந்தால் போதை வராது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். சுற்றுப்போட்டியில் வென்ற இரவில் மூத்தவர்கள் மதுப் போத்தல்களோடு கொண்டாட, பதினாறு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கழகங்களும் உள்ளன. அங்கே மைதானமே வாசலாகிவிடுகிறது. கழகத்தின் மூத்தவர்கள் எப்படி நடக்கிறார்களோ அப்படித்தான் இளையவர்கள் நடப்பார்கள். போட்டி நாள்களில் மைதான எல்லைக்குள் மது இல்லை என்று ஒரு கழகம் தீர்மானித்துக் கடைப்பிடித்தால், அது எந்த விழிப்புணர்வு ஊர்வலத்தைவிடவும் கூடுதலாகச் சாதிக்கும்.

அவயவம் இழந்தவர்களும் பிறவியிலேயே இயலாமையோடு இருப்பவர்களும் இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள். தரையில் அமர்ந்தபடியே ஆடும் கரப்பந்து பராலிம்பிக் போட்டிகளில் ஆடப்படுவது; வலையைத் தாழ்த்திக் கட்டினால் எங்கள் மைதானத்திலும் ஆடலாம். கால் இருப்பவர்களும் அவர்களோடு தரையில் அமர்ந்து ஆடும்போது, எவர் கையில் வேகம் அதிகம் என்பது உடனே தெரிந்துவிடும்.

விளையாட்டின் எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடும் மனச்சோர்வில் வீழ்ந்த பிள்ளையிடம் "எழும்பி ஓடு, எல்லாம் சரியாகும்" என்பது கொடுமை. கட்டிலிலிருந்து எழுவதற்கே இயலாமை என்பதுதான் அந்த நோயின் அடையாளம். தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் விருப்பமின்றி இருத்தல், நித்திரையும் பசியும் குலைதல், முன்பு விரும்பி ஆடிய விளையாட்டிலிருந்தே விலகிப்போதல், தன்னால் எவருக்கும் பயனில்லை என்று பேசுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், இறப்பைப் பற்றிப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் அது மருத்துவ உதவிக்குரிய நிலை. இறப்பைப் பற்றிய பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலே போதும், இரண்டு வாரங்கள் காத்திருக்கக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லலாம். அங்கே போவதைப் பைத்தியம் என்று பெயர் சூட்டும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். வழமையாக வரும் பிள்ளை மைதானத்துக்கு வராமல் விடும்போது அதை முதலில் காண்பவர்கள் சக விளையாட்டுக்காரர்கள்தாம். ஆகவே இந்த அறிகுறிகளைப் பெரியவர்களைவிட அவர்களே நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று நினைத்து, எங்கள் கழகப் பிள்ளைகளுக்கு அவற்றை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் சில மாற்றங்களைச் செய்து பார்க்கிறோம். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கழகக் கூட்டத்தில் தீர்மானித்தோம். முதலில் முணுமுணுத்த இளைஞர்கள், தங்கள் தங்கைமார் வரத் தொடங்கியதும் வலை கட்டிக்கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளோடு வந்த இரண்டு தாய்மார், ஓரத்தில் அமர்ந்திருப்பதை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கிளித்தட்டு உண்டு. அதில் அணி பிரிப்பதற்குத் திறமை பார்ப்பதில்லை, வந்த வரிசைப்படி ஒன்று இரண்டு என்று எண்ணிப் பிரிக்கிறோம். கல்வி நிலையம் நடத்தும் நண்பரோடு பேசி, பத்தாம் பதினோராம் தர வகுப்புகளை வாரத்தில் மூன்று நாள்கள் மாலை ஆறரைக்கு மாற்றியிருக்கிறோம். பெண் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்குப் பெற்றோர் முறை வைத்துக்கொண்டார்கள். மைதானத்துக்கு ஒரு மலசலகூடமும் இரண்டு விளக்குகளும் கேட்டுப் பிரதேச சபைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அது கிடைக்கும்வரை மைதானத்துக்கு எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கிணற்றடியையும் மலசலகூடத்தையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்.